கடைசிப் போர்ட்டில் அக்கா

மருத்துவமனையில் எல்லோரும் அவனை ‘வைஃபை’ என்றுதான் கூப்பிட்டார்கள். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள், பட்டம் வாங்கியவன். ஆனால் தோளில் ஏணியோடு திரிந்து, கூரைப் பலகைக்குள் தலையை விட்டுக் கேபிள் இழுப்பவனுக்கு அந்தப் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் சண்டைக்குப் போவாள். “அவனுக்குப் பேரு இருக்கு. அத சொல்லிக் கூப்புடுங்க.”

அக்கா அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே செல்போனில் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஷிஃப்ட் முடியும்வரை மேலே வரவும் விடமாட்டார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அழைப்பாள். அதற்காகவே தம்பியை நச்சரித்து, துணி மடிக்கும் மேசைக்கு மேலே ஒரு வைஃபை பெட்டியை மாட்டவைத்தாள். “எந்தம்பி போட்டது. கரண்டு வயரே கிடையாது, பாத்தியா?” என்று கூட வேலை செய்பவர்களிடம் பீற்றிக்கொள்வாள்.

தனியாகக் கரண்டு வயர் கிடையாதுதான். தரைத்தளத்து அலமாரியில், இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச்சிலிருந்து போகிற ஒற்றைக் கேபிளே இணையத்தையும் மின்சாரத்தையும் கொண்டுபோகும். அந்தச் சுவிட்ச்சில் கேபிள் சொருகும் துளைகளான போர்ட்டுகளை அவன் மரியாதை பார்த்து நிரப்பியிருந்தான். முதலில் இயக்குநர் அறை, அப்புறம் டாக்டர்கள், அலுவலகம், வார்டுகள். சலவைக்குக் கடைசிப் போர்ட். யாரும் சொல்லவில்லை. கை தானாக அப்படிப் போயிற்று.

இயக்குநர் வேகம் போதவில்லை என்றார். அவர் அறைக்குப் பெரிய பெட்டி வந்தது. அதை மாட்டியதும் சுவிட்ச்சுக்கு மின்சாரம் பற்றவில்லை. அப்படி ஆனால் அது கடைசிப் போர்ட்டிலிருந்துதான் துண்டிக்கும். சலவையின் விளக்கு அணைந்தது.

“சார், பவர் பத்தல. இன்னொரு சுவிட்ச் வேணும். இல்லன்னா பழைய பெட்டியையே மாட்டிடலாம்.”

“எது ஆஃப் ஆச்சு?” என்றார் அலமாரியருகே அவனோடு நின்ற மேனேஜர்.

“கீழ லாண்டரி, சார்.”

“அட, நான் ஐ.சி.யூன்னு பயந்துட்டேன்பா! அழுக்குத் துணிக்கு எதுக்கு இன்டர்நெட்டு?” சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உன்ன பெர்மனன்ட் பண்ற ஃபைல் சார் டேபிள்ல இருக்கு. இப்பப் போய் அவர் மூடைக் கெடுக்காத.”

மடிக்கணினியில் துண்டிக்கும் வரிசையை மாற்றினால் போதும். சலவை பிழைத்துக்கொள்ளும், அலுவலகத்தில் ஏதாவது ஒன்று அணையும். அலுவலகத்தில் அணைந்தால் கத்துவதற்கு ஆள் உண்டு. அவன் அலமாரியைப் பூட்டினான்.

மதியம் கீழே போனபோது, அக்கா போனைப் பெட்டிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“ரிப்பேரு, அக்கா. சாமான் வரணும்.”

“எல்லா எடத்துலயுமா?”

அவன் விளக்கு அணைந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தான்.

“இங்க மட்டுமா?”

“பவர் பத்தலன்னா கடைசிப் போர்ட்டுதான்க்கா மொதல்ல போகும்.”

“எங்களக் கடைசில கொண்டுபோய்ச் சொருகுனது யாரு?”

அவன் குனிந்து, மேசையிலிருந்து நழுவிய துணியை எடுத்து வைத்தான்.

“ஒன் பெர்மனன்ட் ஃபைல்ல கையெழுத்து ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு.”

அக்கா போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு போர்வையை உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள்.

“சரி, வைஃபை” என்றாள் நிமிராமலே. “மேல தேடப் போறாங்க. போ.”