முஹர்ரம் பத்து, இரண்டு முறை

கல்யாணமான இரண்டாம் மாதமே என்னைப் பெட்டியோடு பாலக்காட்டுத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். குற்றம் ஒன்றுமில்லை, முஹர்ரம் பிறக்கப்போகிறது. நபியின் பேரர் கர்பலாவில் தண்ணீரின்றிக் கொல்லப்பட்ட மாதம். முதல் பத்து நாள் புதுமணத் தம்பதி சேர்ந்திருக்கக் கூடாது என்பது ஏலக்காய் மலை வண்டன்மேட்டு மாமியாரின் சட்டம். மீனும் கூடாது. எங்கள் தெரு ராவுத்தர்களிடம் மீன் விலக்கு மட்டும் மிச்சமிருந்தது. மற்றதை எந்தத் தலைமுறையிலோ கைவிட்டிருந்தார்கள். ஆகவே எழுபதுகளின் அந்தத் தை மாதத்தில், கணவாய்க் காற்று ஓடுகளைத் தட்டிக்கொண்டிருக்க, தெரு என்னைப் பார்த்தது. பெட்டியைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது.

பக்கத்து வீட்டு மலையாளத்து அக்கா, நாங்கள் இத்தா என்போம், மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

“மோளே, அவன் உன்னெப் பறஞ்சு அனுப்பிட்டானா?”

“இல்ல இத்தா, முஹர்ரம்.”

“எங்களுக்கும் முஹர்ரம் உண்டல்லோ. பத்து நாள் நிக்காஹ் வைக்க மாட்டோம். வச்ச நிக்காஹைப் பிரிக்கிறது எந்த ஊரு மரியாதை?”

எனக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் என் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனால் தெருவின் வாய் அடையும். வராவிட்டால் நான் திருப்பி அனுப்பப்பட்டவள்.

வந்தார். ஒரு நாள் முன்னதாக. மலையடிவாரத்துக் கம்பம் ஊரில் பிறை கண்ட சேதி ஏலக்காய் லாரியில் மலையேறியிருக்கிறது. எங்கள் ஊரில் காற்றுக் கிளப்பிய தூசியில் யாருக்கும் பிறை தெரியவில்லை; மாதம் ஒரு நாள் தள்ளிப் பிறந்தது.

“மாமா, எங்களுக்கு இன்னைக்குப் பத்து. நோன்பு தொறந்ததும் கூட்டிட்டுக் கெளம்பிர்றேன்.”

“இங்க ஒம்பதுங்க மாப்பிள,” என்றார் அத்தா. “நாளைக்குப் பொழுது சாஞ்சு மக்ரிபு கழியட்டும்.”

“எங்கம்மா கணக்குல…”

“சட்டம் உங்கம்மாவுது. பிறை எங்கூருதுங்க.”

நோன்பில் தகராறே இல்லை. பத்தாம் நாளோடு முந்தின நாளையோ பிந்தின நாளையோ சேர்த்து இரண்டு நாள் பிடிப்பது வழக்கம். அத்தாவுக்கு ஒன்பதும் பத்தும், அவருக்குப் பத்தும் பதினொன்றும். இருவரும் இரண்டு நாளும் பட்டினி கிடந்து, ஒரே பாயில் அமர்ந்து, ஒரே தட்டில் பேரீச்சம்பழம் எடுத்தார்கள். விலக்கு எனக்கும் அவருக்கும் இடையில் மட்டும். அவருக்குப் படுக்கை தெருமுனைத் தையற்கடையில்.

தையற்காரர் உருது பேசும் மனிதர். தாகத்தோடு இறந்தவர்களை நினைத்துக் கடை வாசலில் பானை வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ரோஜா சர்பத் ஊற்றுவார். தெருவில் பாதிப் பேர் நோன்பு. ஆகவே குடித்தவர்கள் கண்டக்டர்களும், வண்டிக்காரர்களும், கோயிலுக்குப் போய்த் திரும்பிய மாமிகளும். இன்றைக்கா நாளைக்கா என்ற வழக்கு அவரிடமும் போயிற்று. “ரெண்டு நாளும் தாகம் இருக்குல்ல பாய்?” என்று கரண்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் முழுக்க அவர் வறண்ட உதட்டோடு ஊருக்கே சர்பத் ஊற்றினார். நடுநடுவே எங்கள் வாசலைப் பார்த்தார். அவர் பார்ப்பதைத் தெரு பார்த்தது.

மக்ரிபு கழிந்தது. நான் பெட்டியை எடுக்கும்போது மதிலுக்கு மேல் அதே தலை.

“மோளே, கேட்டியா? உங்கத்தா மருமகனை ஊட்டுக்குள்ள சேர்க்கலியாம். பாவம், ரெண்டு நாள் தெருவில நின்னு கெஞ்சினானாம்.”

“அப்படியா இத்தா?”

பெட்டியை என் வீட்டுக்காரர் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். தெரு பார்க்க, நான் மெதுவாகவே நடந்தேன்.