வில்லிடம் பேசிய பாவா

மலைக்குப் போகும் சாலையில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. திருத்தணியில் பாதிப் பேர் தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படிப்பது என் தயவில்தான் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அந்த நினைப்போடு, நாற்பத்தாறு வயதில், வில் செய்யத் தொடங்கினேன்.

பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒரு மதியம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. எங்கேயோ ஒரு பனிக்காட்டில் தாடிக்காரர் ஒருவர் வாயே திறக்காமல் ஒரு மரத்துண்டைச் சீவிக்கொண்டே இருந்தார். டீ ஆறுவதற்குள் அது வில்லாகிவிட்டது. ஒரு குச்சி, ஒரு கயிறு, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. நடுவில் எத்தனை மாதத்தை வெட்டி எறிந்திருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. அவர்தான் பேசவே இல்லையே.

முதல் வில்லுக்குப் பந்தல் போடுகிறவர்களிடம் மூங்கில் வாங்கினேன். நாண் ஏற்றும்போதே பிளந்தது. அடுத்தது புளியங்கிளை. அது உடையவில்லை, வளையவும் இல்லை. அதை வில் என்று சொன்னது நான் மட்டும்தான். என் மனைவி அதைக் கொடியில் துணி எடுக்க வைத்துக்கொண்டாள், இன்றைக்கும் வைத்திருக்கிறாள். உள்ளே பொந்து இல்லாத கல் மூங்கில் கிடைத்த பிறகுதான் பார்த்தவர்கள் கேட்காமலே வில் என்று சொல்லும்படி ஒன்று வந்தது. இந்த வேலையில் சீவுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். வில்லின் நடுவை மரத்தில் கட்டிவிட்டு நாணை இழுத்துப் பிடித்து, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். வளையாத இடத்தில் கொஞ்சம் சுரண்ட வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடையாது என்று முடிவு செய்தேன்.

மொட்டைமாடியில் விட்ட முதல் அம்பு கோணி மூட்டையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த வடகத்தில் போய் நின்றது. அந்த வீட்டு அம்மா அம்பைத் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்தார், என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாரும் என் கடைக்குக் கண் பார்க்க வந்ததாக நினைவில்லை. மனைவி மாடிக்குப் பூட்டுப் போட்டாள். கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், நிலக்கடலை எடுத்த கொல்லையில் போய் விட்டுக்கொள்ளச் சொன்னார். அங்கே அம்பு பட்டுக் கெட்டுப்போக எதுவும் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

அடுத்த தொல்லை நாண். நைலான் கயிறு இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது. சணல் அறுந்து என் கன்னத்தில் அடித்தது. நல்ல பாலியஸ்டர் நூலைப் பல இழை சேர்த்து முறுக்க வேண்டும் என்று படித்தேன். அந்த மாதிரி நூல் எங்கே கிடைக்கும் என்று சாப்பிடும்போது சத்தமாக யோசித்தேன். என் மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"பள்ளிப்பட்டுல உங்க அக்கா வீட்டுல பத்துத் தறி ஓடுது. உங்களுக்கு நூலு எங்க கிடைக்கும்னு தெரியல."

தெரியாமல் இல்லை. அந்தத் தறிகளுக்குச் சொந்தக்காரரான பாவா, என் அக்காவின் வீட்டுக்காரர், என்னோடு பேசுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது.

என் மகளுக்கு மலைமேல் காது குத்தினோம். இரண்டு கார்கள். முதல் காரில் மைத்துனரோடு, என் மனைவியின் தம்பியோடு, வந்தவர்கள் பாவா இரண்டாவது காரில் வருகிறார் என்று நினைத்தார்கள். இரண்டாவது காரில் வந்த நாங்கள் அவர் முதல் காரில் போய்விட்டார் என்று நினைத்தோம். எங்கள் காரின் முன் சீட்டில் பழத்தட்டு உட்கார்ந்து வந்தது. பாவா புதுச் சட்டையில், வெயிலில், படி ஏறி வந்தார். வந்தவர் முறைப்படி எல்லாம் செய்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், வெற்றிலை போட்டுக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. முருகன் போரெல்லாம் முடித்துவிட்டு வந்து கோபம் தணிந்து நின்ற மலை இது. அதனால்தான் மற்ற ஊர்களில் நடக்கும் சூரசம்ஹாரம்கூட இங்கே கிடையாது என்பார்கள். எங்கள் பாவாவுக்குக் கோபம் வந்ததும் அதே மலையில்தான்.

நூலுக்காகப் பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். தறிக் கொட்டகையில் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. பாவா என்னைப் பார்த்ததும் தறிகளை நிறுத்தச் சொன்னார். அவர் என்னோடு பேசவில்லை என்பது எல்லோருக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

"உன் தம்பிக்கு இன்னா வேணுமாம், கேளு," என்றார் அக்காவிடம். நான் அவரிடமிருந்து ஓர் எட்டு தள்ளி நின்றிருந்தேன்.

நூல் என்று அக்காவிடம் சொன்னேன். எதற்காம் என்று அக்காவிடம் கேட்டார். வில்லுக்கு என்று சொன்னதும் அக்காவே கொஞ்ச நேரம் யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்லாமல் நின்றாள். பிறகு ஒரு கண்டு நூல் வந்தது. நான் அங்கேயே ஜன்னல் கம்பியில் மாட்டி முறுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் இறுகியது, இன்னொரு பக்கம் தொளதொளவென்று தொங்கியது. பாவா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார், ஆனால் எதிரில் கண்ணாடி பதித்த சாமி படம் இருந்தது, அதில் என் கை வேலை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவரால் தாங்க முடியவில்லை. என் கையிலிருந்து நூலைப் பிடுங்கிக்கொண்டார். இழைகளைப் பிரித்து, மெழுகு தடவி, வில்லின் நுனியில் மாட்ட இரண்டு முனையிலும் காது வைத்து முறுக்கிக் கட்டினார். எனக்கு அப்படிச் செய்யத் தெரியவில்லை என்பதை அக்காவிடம் விளக்கமாகச் சொன்னார். அதோடு விடவில்லை.

"நாளைக்கு இது அறுந்துச்சின்னா எம்பேருதான் கெடும். ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறேன்னு சொல்லு."

அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னாள். நானும் அவளிடமே சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அக்கா வரவில்லை. நிலக்கடலைக் கொல்லையில் நாங்கள் இரண்டு பேரும், வைக்கோல் திணித்த மூட்டையும், வில்லும்தான். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் பாவா கொஞ்சம் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. பிறகு வில்லைக் கையில் எடுத்து, அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"உன்ன இவ்ளோ மொத்தமா உட்டு வெச்சா நீ எப்படி வளைவ?"

நானும் வில்லைப் பார்த்தே பதில் சொன்னேன், இன்னும் சுரண்டினால் உடைந்துவிடும் என்று. இப்படித்தான் எங்கள் பேச்சு நடந்தது. தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களை என்ன நினைத்தாரோ.

அன்று நான் விட்ட அம்புகள் எல்லாம் மூட்டைக்கு முன்னால் மண்ணில் குத்தி நின்றன. பாவா விட்ட முதல் அம்பு மூட்டையின் நடுவில் பாய்ந்தது. அவருக்கு அதில் என்னைவிட அதிகமான அதிர்ச்சி. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, தறிக்காரனுக்குக் கை நிதானம் அதிகம் என்று வில்லிடம் சொன்னார். அடுத்து விட்ட அம்புகளில் ஒன்றுகூட மூட்டைப் பக்கம் போகவில்லை. அதைப் பற்றி வில்லிடம் எதுவும் சொல்லவில்லை.

அதன்பின் ஞாயிறு தவறாமல் வந்தார். நாண் விடும்போது இடது முழங்கையின் உள்பக்கம் சுரீரென்று அடிக்கும். இரண்டு பேர் கையும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. என் கடையில் பார்க்கிறவர்கள் வீட்டில் ஏதோ சண்டை என்று முடிவு செய்து பதமாகப் பேசினார்கள். அடுத்த வாரம் பாவா ரெக்சின் துணியில் கைக்கு உறை தைத்துக்கொண்டு வந்தார். தனக்கு ஒன்றை மாட்டிக்கொண்டார். இன்னொன்றை வரப்பின் மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கென்று சொல்லவில்லை. எடுத்து மாட்டினேன். அளவு சரியாக இருந்தது. நன்றி என்று வில்லிடம் சொல்லலாமா என்று யோசித்து, வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

வில் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. மேல் பாதி சோம்பேறி என்று அவர் கொஞ்சம் சுரண்டுவார். அவர் அதிகமாகச் சுரண்டிவிட்டார் என்று, சரிக்கட்ட, கீழ்ப் பாதியில் நான் கொஞ்சம் சுரண்டுவேன். நேரில் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் நிறுத்தியிருப்போம். மரியாதையாக வில்லின் வழியாகவே பேசினோம், அதனால் தேய்ந்ததும் அதுதான்.

மாசி மாதத்தில் ஒரு காலை. பாவா முழு நீளத்துக்கு நாணை இழுத்தார். நான் பக்கத்தில் நின்று வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மேல் பாதி முறிந்து வந்து என் முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி பறந்துபோய் விழுந்தது. புருவத்திலிருந்து கண்ணுக்குள் சூடாக வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"மச்சான், கண்ணத் தொற. கண்ணுல பட்டுச்சா? எங்கிட்ட சொல்லு மச்சான்."

அவர் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்திருந்தார். கண்ணைத் திறந்தேன். மங்கலாக அவர் முகம் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை பாவா, புருவம்தான் என்றேன். அவருக்குக் காதில் விழவில்லை. விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், தூரத்து மரத்தைக் காட்டி என்ன மரம் என்று கேட்டார். என் கடையில் தினமும் நான் கேட்கிற கேள்விகள். கண்ணாடி இல்லாமல் எனக்கு அது என்ன மரம் என்று எப்படித் தெரியும்? தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் அழுதுவிட்டார்.

பம்புசெட்டில் முகம் கழுவிவிட்டு, துண்டைக் கிழித்துக் கட்டினார். என் வண்டியை அவரே ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முன்பக்கம் பார்த்தபடி பேசிக்கொண்டே வந்தார். முதலில் மூங்கில் முற்றவில்லை என்பதைப் பற்றி. பிறகு திடீரென்று வேறு.

"அன்னிக்குப் படி ஏறனது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல மச்சான்."

வண்டி மாறிப்போச்சு பாவா, நீங்க முன் வண்டியில இருக்கீங்கன்னுதான் நினைச்சோம் என்று நான் ஆரம்பித்தேன்.

"ஆங், அது எனக்கும் தெரியும். மேல வந்து பாத்தேன். கொழந்தய மடியில வெச்சிகினு எல்லாரும் சிரிச்சிகினு இருந்தீங்க. நான் தூணாண்ட நின்னுகினு இருந்தேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் கொறையல. அதான்."

கார்களைப் பற்றிய விளக்கத்தை நாலு வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன், மைத்துனரைச் சாட்சியாகக்கூட வைத்திருந்தேன். அவர் கேட்டது அதை அல்ல. முன்னால் இருந்த அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பள்ளம் மேட்டுக்காகப் பிடித்த மாதிரிதான் பிடித்தேன், ஆனால் ரோடு நன்றாக இருந்த இடத்திலும் விடவில்லை.

புருவத்தில் தையல் போட்டார்கள். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது, வில் முறிந்துவிட்டது என்று பாவா சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களை ஒருமுறை பார்த்தார். எந்த நாடகக் கம்பெனி என்று கேட்டார்.

அன்றிலிருந்து பாவா என்னோடு பேசுகிறார். நாலு வருஷப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தவர். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போன் வரும். மூங்கிலை எப்போது வெட்ட வேண்டும், என் கடைக்குப் பெயர்ப்பலகை ஏன் சின்னதாக இருக்கிறது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், எல்லாவற்றிலும் அவருக்குக் கருத்து உண்டு. என் மனைவி போனைக் கையில் கொடுக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுக்கிறாள்.

இப்போது புது மூங்கிலில் ஒரு வில் நடக்கிறது. சுரண்டுவதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். கேட்டால் சண்டை வருகிறது, அதனால் வேலை நின்று நின்று நடக்கிறது. போன ஞாயிறு அரை நாள் முழுக்கப் பேசி, ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டினோம். வெயில் ஏறியதும் வரப்பில் உட்கார்ந்து அக்கா கொடுத்தனுப்பிய புளிச்சோறு சாப்பிட்டோம். காது குத்திய அன்று மைத்துனர் போட்டிருந்த சட்டையைப் பற்றி பாவா ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் தலையாட்டிக்கொண்டே அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.