வாடகைப் புத்தகங்களும் சரோ அக்காவும்

செய்தி வந்தபோது நான் மின்னூல்களைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நூலகர்களின் வட்ஸ்அப் குழுவில், புத்தகக் கண்காட்சி பற்றிய ஓர் அறிவித்தலுக்குக் கீழே, சரோஜினிதேவி அக்கா அன்று காலை மாரடைப்பால் காலமானார் என்று இருந்தது. அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வரத் தொடங்கின. நான் அந்தப் பக்கத்தை நிரப்பி முடித்துச் சேமித்தேன். ஒரு வாசகருக்குப் பழைய பேப்பர் எடுத்துக் கொடுத்தேன். தேநீர் குடித்தேன். பிறகு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அதில் இரண்டு பேர் ஒப்பமிட வேண்டும். ஒருவர் நான், மற்றவர் அவர்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சரோ அக்கா அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு சிறிய பொது நூலகத்தின் நூலகர். என்னுடையது பருத்தித்துறைப் பக்கம். தனித்தனியே வாங்க வசதியில்லாததால் இரண்டு நூலகங்களும் சேர்ந்து ஒரு கொம்பனியிடமிருந்து தமிழ் மின்னூல்களை வருட வாடகைக்கு எடுத்திருந்தோம். பணம் கட்டும்வரை நிறையப் புத்தகங்கள் இருக்கும். கட்டாவிட்டால் ஒன்றும் இருக்காது. அதே பணத்துக்குக் கொஞ்ச மின்னூல்களைச் சொந்தமாகவும் வாங்கலாம். வாடகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது நான். முதல் நாளிலிருந்தே அதை எதிர்த்தவர் அவர்.

"வாடகை வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறாய், பிள்ளை," என்பார். எங்கள் வாசகர்களுக்குத் தெரிவு வேண்டும், நாலு புத்தகத்தைக் காட்டி இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது என்பேன் நான். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் காலத்தில் இந்தச் சண்டை நடக்கும். ஒவ்வொரு வருடமும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்பமிடுவார். இந்த வருடம் இன்னும் இடவில்லை. இறப்பதற்கு முதல் வாரம் போனில், "அடுத்த வெள்ளிக்கிழமை வா, கதைப்பம். இந்த முறை உன்னை லேசில விடமாட்டன்," என்றார்.

திட்டம் தொடங்கிய புதிதில் ஒருநாள் அவருடைய நூலகத்துக்குப் போயிருந்தேன். தட்டுகளில் புத்தகங்களுக்கு இடையே தடித்த மட்டைகள் செருகியிருந்தன. ஒவ்வொரு மின்னூலுக்கும் ஒரு மட்டை. முன்னால் அட்டைப்படத்தை அச்சடித்து ஒட்டியிருந்தார். பின்னால் அவருடைய கையெழுத்தில், "இந்தப் புத்தகம் போனில் இருக்கிறது. மேசையில் கேளுங்கள்," என்று இருந்தது. நான் சிரித்துவிட்டேன். கணினியில் பட்டியல் இருக்கிறதே என்றேன்.

"பட்டியலை ஆர் பாக்கினம்? சனம் தட்டிலை கை வைச்சுத்தான் தேடும்."

அப்படியே நடந்தது. மின்னூல்களை எதிர்த்தவரின் நூலகத்தில்தான் அவற்றைக் கூடுதலான பேர் வாசித்தார்கள். என்னிடம் அழகான பட்டியல் இருந்தது. விரும்பாத திட்டத்துக்கு ஏன் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வாங்கினது வாங்கியாச்சு. சும்மா கிடக்க விடுறதோ?" என்றார்.

அந்த வருடம் இருப்புக் கணக்கெடுக்க வந்த அலுவலர் ஒருவர் மட்டையொன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, புத்தகம் எங்கை?"

"போனுக்கை."

"அப்ப போனையும் ஒரு புத்தகமாப் பதியட்டோ?"

"பதியுங்கோ தம்பி. பேந்து அது துலைஞ்சால் நீங்கள்தான் பதில் சொல்லோணும்."

அலுவலர் மட்டையை வைத்த இடத்திலேயே வைத்தார்.

ஒரு மின்னூலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வாசிக்கலாம் என்பது ஒப்பந்தம். எடுத்தவர் திருப்பிக் கொடுக்க மறந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தவணை முடிந்தால் தானாகத் திரும்பும் என்று நான் விட்டுவிடுவேன். அவர் போன் எடுப்பார். ஒருநாள் என் எதிரிலேயே எடுத்தார். மறுமுனையில் ஒரு தாய். மகன் குளிக்கிறான் என்றார் போலும்.

"அப்ப நீங்கள் அவன்ரை போனை எடுத்துத் திருப்பிக் குடுங்கோவன். ஓம், அந்தப் பச்சைப் பொத்தான். இல்லையம்மா, காசு ஒண்டும் போகாது. இஞ்சை ஒரு பிள்ளை சோதினைக்குப் படிக்க அந்தப் புத்தகத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. அமத்திட்டீங்களே? நல்லது. அவன் குளிச்சு முடிய என்னைப் பேசுவான், பேசட்டும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன்ரை கொம்பனிக்கு நான் சம்பளமில்லாத வேலைக்காரி."

ஒரு வருடம் பணம் கட்டுவது நூலகங்களுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது. ஒரு காலையில் இரண்டு நூலகங்களிலும் எல்லா மின்னூல்களும் மறைந்துபோயிருந்தன. நான் போனில் அழைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை. மட்டைகளோடு வாசகர்கள் மேசைக்கு வருகிறார்கள் என்றார். "நெருப்பும் இல்லை, கறையானும் இல்லை, எடுத்துக்கொண்டு ஓடின ஆளும் இல்லை. புத்தகம் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?" அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே என்ன சொல்வதென்று கேட்டார்.

பணம் கட்டியதும் புத்தகங்கள் திரும்பி வந்தன. அதற்குப் பிறகும் நான் வாடகைதான் வேண்டும் என்றேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் நூலகத்துக்கு வரும் வாசகிகளில் ஒருவர் தையல் வேலை செய்பவர். ஒரு கண் முழுதாகவும் மற்றது பாதியாகவும் மங்கியவர். அச்சுப் புத்தகம் வாசிக்க முடியாது. போனில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு திரையில் சில வரிகள் மட்டும் தெரியும்படி வைத்து, நாவல் நாவலாக வாசிக்கிறார். புத்தகங்கள் குறைந்தால் முதலில் இழப்பவர் அவர். இதைச் சரோ அக்காவிடம் சொன்னபோது, "அவவுக்காகத்தான் ஒப்பம் வைக்கிறன். உனக்காக இல்லை," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் அச்சுவேலிக்குப் போனேன். கதைப்பதற்காக அல்ல, செத்தவீட்டுக்கு. பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. பந்தலில் கதிரைகள் போட்டிருந்தார்கள். பறை முழங்கிக்கொண்டிருந்தது. என் பெயரைச் சொன்னதும் அவருடைய கணவர் எழுந்து வந்தார். அதற்கு முன் நாங்கள் சந்தித்ததில்லை.

"நீங்கள்தானோ அந்தப் பிள்ளை," என்றார். "உங்களை எனக்கு நல்லாத் தெரியும். நான்தானே நீங்கள்."

எனக்கு விளங்கவில்லை.

"இவ காலமை சமைக்கேக்கை உங்களோடை சண்டை பிடிச்சுப் பழகுவா. நான் தேங்காய் துருவிக்கொண்டு உங்கடை பக்கம் கதைக்கோணும். நான் அலுப்பிலை 'ஓம், சரி' எண்டால் பேச்சு விழும். 'அந்தப் பிள்ளை அப்பிடி லேசில ஓம் எண்டாது. ஒழுங்காச் சொல்லுங்கோ' எண்டுவா." அவர் சிரிக்கப் பார்த்தார். "கண் தெரியாத தையல்கார அம்மாவின்ரை கதையை நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன். அதுக்கு மட்டும் இவவிட்டைப் பதில் இருக்கேல்லை."

அவர் காட்டிய கதிரையில் போய் இருந்தேன்.

மாத முடிவில் இரண்டு நூலகங்களுக்கும் பொதுவான கூட்டம் நடந்தது. சரோ அக்காவின் இடத்தில் பதில் கடமைக்கு வந்த இளைஞர், நான் சொல்வதற்கெல்லாம் சம்மதம் என்றார். கூட்டத்தை நடத்திய மூத்த அலுவலர் விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"இனி என்ன பிள்ளை, சுகமா முடியும். அவதானே குறுக்கை நிண்டவ."

அவர் கெட்ட மனிதர் அல்ல. வேலை முடிய வேண்டும் என்று நினைத்தார். நானும் பேனையை எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. எல்லாப் புத்தகங்களும் வேண்டும் என்று நான் இத்தனை வருடம் கேட்டது, அவர் மறுப்பார் என்ற தைரியத்தில். அந்த ஒரு தாமதத்துக்குப் பிறகு, பணம் கட்டும் திகதியை அலுவலகத்துக்கு நினைவுபடுத்தியவர் அவர். கொம்பனி ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்தவர் அவர். நான் கூடுதலாகக் கேட்கலாம், அவர் பிடித்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

"அரைவாசிக் காசுக்கு வாடகை வேண்டாம்," என்றேன். "அதுக்குப் புத்தகத்தைச் சொந்தமா வாங்குவம். பிறகு ஆர் காசு கட்டாட்டிலும் அதுகள் இருக்கும்."

"இது உங்கடை திட்டமெல்லே?"

"ஓம்."

"அப்ப ஏன் மாத்திறியள்?"

"குறுக்கை நிக்க இப்ப ஒருதரும் இல்லை."

விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். அது சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. சரோ அக்கா அரைவாசி போதாது என்றிருப்பார்.

தையல் வேலை செய்யும் அந்த வாசகியிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து புத்தகங்கள் குறையும், ஆனால் சொந்தமாக வாங்குபவை போகாது என்றேன். அவர் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதெது போகுது எண்டு சொல்லுங்கோ," என்றார். "அதுகளை முதல் வாசிச்சு முடிக்கிறன்."

போகும் புத்தகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவர் இடையிடையே "உது வேணும்", "உதை விடுங்கோ" என்று சொன்னார்.

சரோ அக்காவிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது ஒரு வேலை. இப்போது எந்தப் புத்தகத்தை வாங்க நினைத்தாலும் அதை வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. காலையில் நூலகத்தைத் திறப்பதற்கு முன், கதவைச் சாத்திவிட்டு, அவருடைய பக்கத்தை நான் சத்தமாகப் பேசிப் பார்க்கிறேன். அவ்வளவு நன்றாக வரவில்லை. சீக்கிரம் ஓம் என்றுவிடுகிறேன்.