கடை வாசலில் நான் போட்ட நடைபாதை

நான் மூன்றாவது வரைதான் படித்தவன். ஆனாலும் கும்மிடிப்பூண்டி மெயின் ரோட்டில் டைல்ஸ் கடை, அதன்மேல் மாடி வீடு, சொந்த லோடு வண்டி எல்லாம் தனியாளாக உண்டாக்கினேன். லாரி ஓடும் அந்த ரோட்டில் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் ஒதுங்க இடமில்லை. கடை வாசலில் நானே நடைபாதை போட்டேன், இருப்பதிலேயே பளபளப்பான டைல்ஸில்.

“இன்னாய்யா, ரோட்ட கல்யாண மண்டபமா ஆக்கிட்ட?” என்று சிரித்தாள் என் மனைவி.

“மகாராணி நடக்கத்தான்டி!” என்றேன்.

முதல் மழையிலேயே அதில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. இன்றுவரை எழுந்து நடக்கவில்லை. படுத்தபடியே ரோட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டைல்ஸை மறுநாளே பெயர்த்துவிட்டேன்.

பிறகு அந்த ரோட்டில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட வந்த அரசாங்க ஆட்களும் வழவழப்பான டைல்ஸையே இறக்கினார்கள். ஒன்றைக் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

“இதுமேல கொஞ்சம் நட சார், பாக்கலாம்” என்றேன் அவர்களுடைய இன்ஜினியரிடம்.

சறுக்கிய அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “பெரிய பேஜாரா கீதே, பெரியவரே!” என்றார். சொரசொரப்பான கல்லாக மாற்றினார்கள்.

இப்போது நனைத்து, நடந்து பார்க்க வைக்காமல் வாசல் டைல்ஸ் எதையும் நான் விற்பதில்லை. ரோட்டு நடைபாதையின் திறப்புவிழாக் கல்வெட்டில் யார் யார் பெயரோ இருக்கிறது. அங்கே ஒருவரும் வழுக்கி விழாததற்கு நான்தான் காரணம் என்று அதில் பொறிக்க வேண்டும்.