சென்சாருக்கு ஒரு செம்பு கள்

எவாரிஸ்தா அத்தையை முதன்முதலில் பார்த்தபோது என் கையில் கடப்பாரை இருந்தது. மொக்கேகுவா பள்ளத்தாக்கில் அவருடைய அவகாடோ தோப்பில் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சாரைப் புதைக்க, பாசனச் சங்கம் என்னை அனுப்பியிருந்தது. எங்கள் மலைக்கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை காதில் வாங்கவில்லை.

"பூமித்தாயைக் கேட்டுட்டுத்தான் குத்துறியா?"

"சங்கத்துல கேட்டுட்டேன் அத்தை."

"சங்கத்துக்காரன் வயித்துலயா குத்துற?"

சென்சாரோடு சேர்ந்த பெட்டி மண்ணின் நிலையை வாய்விட்டுச் சொல்லும், மண் காய்ந்தால் சொட்டுநீர் வால்வு தானாகத் திறக்கும், ஈரமிருந்தால் திறக்காது என்று விளக்கிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. "இஞ்சினீயரு, பிஞ்செல்லாம் கொட்டுது. உன் பெட்டி மட்டும் 'ஈரம் போதும், ஈரம் போதும்'னு ஒரே பேச்சா பேசுது."

பிஞ்சு மொத்தமும் போனால் அந்த வருஷம் அத்தைக்கு விற்க ஒரு காய் இருக்காது. ஓடினேன். கம்பி சரி, பேட்டரி சரி. மற்ற மரத்தடியெல்லாம் புழுதி. சென்சார் இருந்த இடம் மட்டும் சேறு. மோந்து பார்த்தேன். சோளக்கள், எங்கள் பேச்சில் சிச்சா.

"அத்தை, இங்க சிச்சாவா ஊத்துறீங்க?"

"தினம் ரெண்டு செம்பு. பூமியைத் தோண்டினா அவளுக்குக் குடிக்கக் கொடுக்கணும். நீ ஓட்டை போட்டுட்டு ஒரு சொட்டு ஊத்தாமப் போயிட்ட. காலேஜ்ல மறக்கடிச்சிட்டாங்களா?"

எங்கள் ஊரிலும் ஊற்றுவோம். அதனால் பேச்சைச் சென்சார் பக்கம் திருப்பினேன்.

"அந்தக் கள்ளைக் குடிச்சிட்டு, தோப்பே நனைஞ்சு கிடக்குன்னு சென்சார் நம்பிடுது அத்தை."

"அதுக்குப் புத்தி அவ்வளவுதான்."

"சரி, வேற இடத்துல புதைக்கிறேன்."

"அப்ப அது இன்னொரு ஓட்டை. அங்கயும் ஊத்தணும்."

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு யோசித்தேன். "எந்த வாய்ல ஊத்தினாலும் பூமிக்கு வயிறு ஒண்ணுதானே அத்தை? ரெண்டு ஓட்டைக்கும் சேர்த்துப் பழைய இடத்துலயே ஊத்துங்க."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சதுக்குப் பரவாயில்ல. ஆனா முதல் செம்பு நீ ஊத்து, மிச்சத்தை நீயே குடி. தோண்டினவன் குடிக்காம நின்னா அவளுக்குச் சந்தேகம் வரும்."

எட்டு மரம் தள்ளிப் புதைத்தேன். பழைய குழியில் ஊற்றினேன். மிச்சக் கள்ளை நான் குடித்து முடிப்பதற்குள் வால்வு திறந்துகொண்டது. பாதிப் பிஞ்சு போயிருந்தது, மீதி மரத்திலேயே நின்றுவிட்டது.

எவாரிஸ்தா அத்தை அதே தோப்பில்தான் இருக்கிறார். பக்கத்துத் தோப்புகளில் எவர் சென்சார் புதைத்தாலும், கள் ஊற்றும் இடத்தை அவர் வந்து காட்டிய பிறகுதான் இப்போது குழி தோண்டுகிறோம்.