சவரிராயனின் பன்னிரண்டு நொடிகள்

என் மாமா சவரிராயன் வீட்டை விட்டு வெளியே போனால் இப்போது பேசுவதில்லை. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. குரலைக் கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் பேசுவதில்லை.

அவர் என் அம்மாவின் தம்பி. முகையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பதினெட்டு வயதிலிருந்து ஆடு வாங்கி விற்கிறார். மொபெட்டின் பின்னால் பலகைப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஊர் ஊராகப் போவார். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஆடு குட்டி இருக்காம்மோவ்" என்று ஒரே இழுப்பாக இழுப்பார். கடைசி வீடு வரைக்கும் கேட்கும். ஆட்டின் முதுகை இரண்டு விரலால் தடவி எடை சொல்வார். அக்டோபர் மாத ஜெபமாலை சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மைக் இல்லாமலே அவர்தான் முன்னால் சொல்லிக்கொண்டு போவார், ஊரே பின்னால் சொல்லும். குரல்தான் அவருக்குச் சொத்து என்று அத்தை அற்புதமேரி கேலி செய்வாள்.

2017இல் டச் போன் வாங்கினார். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு செய்து அனுப்ப நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

2018 மே மாதம், நான் பிளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது எல்லா குரூப்பிலும் ஒரே பேச்சு, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது. எங்கிருந்தோ வந்த படம், எந்த நாட்டிலோ எடுத்த வீடியோ. அந்த வாரத்தில் மாமா திண்டிவனத்தில் கறிக்கடையும் ஆட்டுப்பட்டியும் வைத்திருக்கும் கோதண்டபாணிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். முப்பத்தோரு நொடி. அதை அவர் அனுப்பும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, மூணு குட்டி சிக்கிச்சி. மூணும் பொட்டை. அம்மாவத் தேடி கத்திக்கினே இருக்குது. பெட்டியில போட்டு கோணியால மூடி வச்சிருக்கேன். ஒண்ணுத்துக்கு கால் லேசா நொண்டி. பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துடறேன். கெடா ஒண்ணுகூட கெடைக்கல அண்ணே. ஆட்டு வெல அப்படி ஏறிப்போச்சி. உன் பட்டியில தழை இருக்குதா, இல்ல நானே ஒடிச்சிக்கினு வரவா?"

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையையும் குட்டி என்போம். குழந்தை அழுதாலும் கத்துது என்றுதான் சொல்வோம்.

மூன்றாம் நாள் எங்கள் மாதா கோயில் குரூப்பிலேயே அது வந்தது. மேலே சிவப்பு எழுத்தில், "கடத்தல் கும்பலின் குரல். பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் உஷார்." அமுக்கிக் கேட்டேன். மாமாவின் குரல். ஆனால் பத்தொன்பது நொடிதான். "கொண்டாந்துடறேன்" என்பதோடு நின்றுவிட்டது. கெடாவும் இல்லை, ஆடும் இல்லை, தழையும் இல்லை.

நான் உடனே எழுதினேன்: "இது என் மாமா. ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசுகிறார். யாரும் பரப்ப வேண்டாம்." மாமாவோடு ஜெபமாலை சொன்னவர்கள் அந்தக் குரூப்பில் அறுபது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் கட்டை விரல் போட்டார்கள். ஒருவர், "இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது" என்று எழுதி, அதே பதிவை மறுபடியும் போட்டார். நான் எழுதியதை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார், எடுக்கவில்லை.

அன்றைக்கு அவர் போனது திண்டிவனத்துக்கு வடக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். இருபது வருஷமாக ஆடு பிடிக்கும் ஊர். வண்டியை நிறுத்தி வழக்கம்போலக் குரல் கொடுத்திருக்கிறார். குழாயடியில் நின்ற ஒரு பெண், "ஏய், இது அந்தக் கொரலுதான்" என்றாளாம். பத்து நிமிஷத்தில் கூட்டம். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இரண்டு ஆட்டுக்குட்டிகள் இருந்தன. அதோடு விட்டிருக்கலாம்.

"ஆட்ட காட்டிக்கினு உள்ள வர்றான், கெட்டிக்காரன்" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது. இடது கை முறிந்தது. போன் நொறுங்கியது. போலீஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, விசாரித்து, இவர் ஆட்டு வியாபாரிதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துப் போட்டேன். அதுவும் நகரவில்லை.

நகர்ந்தது வேறு. மாமாவின் பெயரைக் கண்டுபிடித்த ஒரு கட்சியின் ஆட்கள், மதம் மாற்றப் பிள்ளைகளைக் கடத்தினான் என்று பேஸ்புக்கில் எழுதினார்கள். எதிர்க்கட்சியில் இருந்து நான்கு பேர் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

"தம்பி, அந்தப் பேச்ச முழுசா போட முடியுமா? கடைசில கெடான்னு சொல்லியிருக்கேன்" என்று மாமா அவர்களில் ஒருவரைக் கேட்டார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே. கட்டு போட்ட கைய கொஞ்சம் மேல தூக்குங்க. இப்படி பாருங்க."

அந்தப் படம் ஒரே நாளில் நாலாயிரம் பேருக்குப் போனது. கீழே நூற்றுக்கணக்கில் சண்டை. யாருடைய ஆட்சியில் பாதுகாப்பு, எந்தச் சாமி பெரிது, எவன் தேசத்துரோகி. ஆட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

கை கூடுவதற்கு முன்பே, "கோதண்டம் அண்ணங்கிட்ட முழுசா இருக்கும். அது கெடைச்சா நான் பழையபடி ஊருக்குள்ள போயிடுவேன்" என்று என்னை அழைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பினார். அவருடைய போன்தான் நொறுங்கிவிட்டதே.

கோதண்டபாணி கறி வெட்டும் கத்தியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"இன்னா சவரி, கை பரவால்லையா?"

"அண்ணே, நான் அனுப்புன பேச்சு உன் போன்ல இருக்குமே."

"அழிச்சிட்டேன்பா. மெமரி ஃபுல்லு."

"அழிச்சா ஊர் பூரா எப்படிண்ணே போச்சி?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்துச் சொன்னார். "தமாசுக்குய்யா. பசங்க குரூப்ல, நம்மாளு குட்டி கடத்துறான் கேளுங்கடான்னு போட்டேன். எவனோ வாலை வெட்டிட்டான். இப்ப அத நான் வெளிய எடுத்தா கேசு என் மேல திரும்பும். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது."

"எனக்கு கேசு வேணாம்ணே. அந்தக் கடைசி பேச்சு மட்டும்."

"உன் கொரலுதானய்யா? இன்னொரு தபா பேசி போடேன். இதுக்குப் போய் இன்னா பேஜாரு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் போனில் பேசினார். அதே வார்த்தைகள், ஒன்று விடாமல் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. ஐந்து முறை பேசினார். பழைய பதிவில் வெயிலும் அவசரமும் ஆடு கிடைத்த சந்தோஷமும் இருந்தன. இதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. கெடா என்ற இடத்தில் மட்டும் குரல் உயர்ந்தது.

அனுப்பினேன். கோயில் குரூப்பிலேயே முதல் பதில் வந்தது: "எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்திருக்கிறார்கள்." அடுத்தது: "முதலில் பேசியதுதான் உண்மைக் குரல்."

மாமா என்னிடம், "இன்னா போட்டிருக்காங்க வெண்ணிலா?" என்று கேட்டார்.

"நம்புறேன்னு போட்டிருக்காங்க மாமா" என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாதது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் ஊர்கள் அவருக்குச் சொல்லிவிட்டன. இரண்டு இடத்தில் குரல் கொடுத்தார், இரண்டிலும் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அத்தை கூடப் போக ஆரம்பித்தாள். அத்தை குரல் கொடுப்பாள், பேரம் பேசுவாள். மாமா ஆட்டின் முதுகைத் தடவிவிட்டு விரலைக் காட்டுவார். ஓமந்தூர்ப் பக்கம் ஒரு கிழவி, "உன் வூட்டுக்காரு ஊமையாம்மா?" என்று கேட்டாளாம். அத்தை, "ஆமாம்மா, பொறவியிலேர்ந்தே" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு நான்கு ஆடு கிடைத்தது. அப்படியே போகலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அக்டோபரில் ஜெபமாலைக்குக்கூட மாமா கூட்டத்தின் கடைசியில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார்.

நவம்பரில் எங்கள் குரூப்பில் ஒரு புதுச் செய்தி வந்தது. படம் இல்லை, குரல் இல்லை, எழுத்து மட்டும்.

"உஷார். ஆடு வாங்குவது போல ஒரு பெண்ணும், ஊமை போல நடிக்கும் ஒரு ஆணும் ஊருக்குள் வருகிறார்கள். அதிகம் பகிரவும்."