நான்காவதாக ஓடிய முதல் சுருள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தீர்ப்புச் சொல்பவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எங்கள் திருத்தணியில் யாராவது, ‘அந்தப் பையன் சினிமாவைப் பற்றிப் பெரிதாகப் பேசிக் கொட்டகையில் மூக்குடைபட்டான்’ என்று சிரித்தால், மீதியை நீங்கள் சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்து, படம் காட்டும் இயந்திரத்தின் விளக்குக்குக் கார்பன் குச்சி மறுபடியும் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். எங்கள் வாசகசாலையின் பேச்சு மன்றத்தில் ஞாயிறு மாலைதோறும் ஒரு பொருள், இரண்டு கட்சி. அன்றைய பொருள், சினிமா கலையா, வெறும் பொழுதுபோக்கா என்பது. கலை என்று நான் நின்றேன். எதிரே நின்றவர் அரக்கோணம் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் நூல்களைப் புரட்டி ஒரு மணி நேரத்தில் கட்டும் கோபுரத்தை ஒரே வேடிக்கைப் பேச்சில் சாய்த்துவிடக் கூடியவர். அன்றும் அதையே செய்தார்.

“வண்டிக்குத்தான் நேரத்துக்குப் போவணும் தம்பி. கொட்டகைக்கு எப்ப போனா என்னா? அரை மணி கழிச்சுப் போய் குந்தினாலும் ஒண்ணும் கொறையாது.”

மன்றம் சிரித்து ஓய்ந்தபின், சில மாதங்களுக்கு முன் சென்னையில் நான் பார்த்த ஒரு மர்மப் படத்தின் தொடக்கத்தை அவர்களுக்குச் சொன்னேன்.

திரை வெளுக்கிறது. பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை. மழையின் இரைச்சல் மட்டும். ஒரு ரயில்வே கேட். பக்கத்தில் கேட்காரனின் குடிசை, உள்ளே ஒரு அரிக்கேன் விளக்கு. அவன் பீடி பற்றவைக்கப் பார்க்கிறான்; தீக்குச்சி நமத்துப் போயிருக்கிறது. இன்னொரு குச்சி. இன்னொன்று. வெளியே சேற்றில் காலடி கேட்கிறது. ஓர் அடி அழுத்தமாக விழுகிறது, அடுத்த அடி இழுபடுகிறது. வந்தவனை முழங்காலுக்குக் கீழேதான் நமக்குக் காட்டுகிறார்கள். கேட்காரன் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறான்; வந்தவர் அவனுக்குத் தெரிந்த மனிதர். ஒரு கை நீண்டு வந்து பீடிக்கு நெருப்புக் கொடுக்கிறது. மறுகணம் விளக்கு அணைகிறது. இருட்டில் ஏதோ சரியும் ஓசை. பிறகு அந்தக் காலடி, ஒன்று அழுந்தி, ஒன்று இழுபட்டு, மழைக்குள் திரும்பிப் போகிறது. அதற்குப் பின்னரே படத்தின் பெயர் வருகிறது.

அரை மணி நேரம் சென்று ஒரு கல்யாண வீட்டில், மணப்பெண்ணின் அருமை மாமா தாம்பூலத் தட்டோடு காலை இழுத்து இழுத்து நடந்து வருகிறார். அவர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பெண்ணை ஆசீர்வதிக்கிறார், அவ்வளவே. சென்னைக் கொட்டகையில் அத்தனை பேரும் ஒருசேர மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. முன்வரிசையில் ஓர் அம்மாள் தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த அச்சத்தைக் கல்யாண வீடு உண்டாக்கவில்லை. அரை மணிக்கு முன்பே விதைத்தாகிவிட்டது. மேடையேறியவன் முதல் சொல்லுக்கு முன் எத்தனை நொடி பேசாமல் நிற்கிறான் என்பதில் பாதிக் கூட்டம் அவன் வசமாகிவிடும். அந்த வித்தையை இந்தப் படம் என்னைவிட நன்றாக அறிந்திருந்தது.

குமாஸ்தா விடவில்லை. சென்னை ஜனம் வேறு, நம் ஊர் ஜனம் வேறு என்றார். பந்தயம் கட்டினோம். இந்தப் படம் திருத்தணிக்கு வந்து, அந்த மாமா நடந்து வரும்போது கொட்டகை அடங்கினால், சினிமா கலை என்று அவர் மன்றத்தில் எழுந்து ஒப்புக்கொள்வார். அடங்காவிட்டால், அரக்கோணத்தில் நடக்கவிருந்த பெரிய சொற்போருக்கு எங்கள் மன்றத்தின் சார்பில் தேர்வாகியிருந்த நான், அந்த இடத்தை அவருக்கு விட்டுவிடுவேன். அந்த இடத்துக்காக இரண்டு ஆண்டுகள், விடியற்காலையில் சரவணப் பொய்கைக்கு அப்பால் போய், மலையைப் பார்த்து நின்று தொண்டை கட்டும்வரை பேசிப் பழகியவன் நான்.

மறுநாளே ரயிலடித் திடலில் கூடாரம் போட்டிருந்த டாக்கீஸ் முதலாளியிடம் போனேன். நகரிப் பக்கத்துக்காரர், தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசுவார். படத்தை வரவழைக்கச் சொல்லி, அதன் தொடக்கத்தை அவருக்கு நடித்தே காட்டினேன். டீக்கடை பெஞ்சில் அவர் டீயை ஆறவிட்டுக் கேட்டார். படம் ஆடிக் கிருத்திகை வாரத்தில் வந்தது.

முதல் நாள், மாலை ஆட்டம். மணல் தரையெங்கும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். நான் பெஞ்சில், எனக்கு நேர் பின்னால் குமாஸ்தா. திரைக்கு முன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கிராமபோனில் ஒரு முருகன் பாட்டு. விளக்கு அணைந்தது. நான் மழைக்குக் காத்திருந்தேன்.

நாயனம் ஒலித்தது. வாழை மரம், மாவிலைத் தோரணம், கல்யாண வீடு.

சுருள் மாறிப்போயிருக்கும் என்று எண்ணினேன். எழுந்து ஓடினால் பின்னால் இருப்பவர் அப்போதே வென்றுவிடுவார். ஆகவே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மாமா வந்தார். தட்டோடு, காலை இழுத்து இழுத்து. மணலிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

“பாவம், மலப்படி ஏறி எறங்கிகினு வந்துகிறாரு.”

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அன்று காலையில் படியேறி இறங்கிக் கெண்டைக்கால் வீங்கியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு கொலைகாரனை அவர்கள் தங்களில் ஒருவராக்கிக்கொண்டார்கள். என் முதுகுக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது.

ஒரே இயந்திரம், ஆகையால் சுருளுக்குச் சுருள் விளக்கேற்றி முறுக்கும் சோடாவும் விற்றார்கள். நான்காவதாக ஓடியது முதல் சுருள். மழையும் ரயில்வே கேட்டும் கேட்காரனும் வந்தபோது, இவன் யார் புதிதாக என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். காலடி கேட்டதும், “மாமா வந்துட்டாருடா” என்று சீட்டியடித்தார்கள். விளக்கணைந்து படத்தின் பெயர் திரையில் விழுந்தபோது, ஆட்டம் முடிந்தது என்று நினைத்துச் சிலர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

டிக்கெட் மேஜையருகே இருந்த முதலாளியிடம் போய், படத்தைக் கொன்றுவிட்டீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. அது என்னை இன்னும் எரித்தது.

“கிருத்திகைக்கு வந்த ஜனம் நைனா. காவடி எறக்கிட்டு வந்து குந்திகினு இருக்காங்க. தெரை தொறந்ததும் சாவு காட்டினா நல்லா இருக்குமா? அதான் கண்ணாலத்த மொதல்ல வச்சேன். ஒரு அடி ஃபிலிம் நான் வெட்டல. மொத்தமும் காட்டிட்டேன். முன்ன பின்ன ஆச்சு, அவ்ளோதான்.”

முன்ன பின்ன. நான் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“இல்லன்னா எனக்கு எப்பிடித் தெரியும், மொதல்லயே சாவு வருதுன்னு? நீதான நைனா சொன்ன. கைய கால ஆட்டி அவ்ளோ அழகா சொன்னியே. எனக்கே ஒடம்பு ஆடிப்போச்சு.”

பாராட்டாகத்தான் சொன்னார். என் பேச்சுக்கு அதுவரை கிடைத்த எந்தப் பாராட்டும் என்னை அப்படி அறைந்ததில்லை. அந்தத் தொடக்கத்தின் வலிமையெல்லாம் அது மறைத்து வைத்ததில் இருந்தது. நானோ அதை மன்றத்தில் கொட்டினேன், டீக்கடை பெஞ்சில் கொட்டினேன், மறைக்கவேண்டிய இடத்தில் ஆடியே காட்டினேன். எஞ்சிய படத்தை நான் பார்க்கவில்லை.

ஞாயிறன்று மன்றம் கூடியது. தோல்வியை ஒழுங்காகச் சொல்லி முடிக்க வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். குமாஸ்தா முந்திக்கொண்டார்.

“விடு தம்பி. ரீலு மாறின ஆட்டம் செல்லாது. அரக்கோணத்துக்கு நீயே போ. நாங்க வந்து கை தட்றோம்.”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். அழுத பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கும் முகத்தோடு முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். கொட்டகைச் சிரிப்பை நான் தாங்கிக்கொண்டேன். இந்தக் கருணை என் உச்சந்தலைவரை ஏறியது. மேடைக்குப் போகவில்லை; உட்கார்ந்திருந்த இடத்திலேயே எழுந்து, தயாரித்த வாக்கியங்களையெல்லாம் விட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“பந்தயம் பந்தயம்தான். அரக்கோணத்துக்கு நீங்கள் போங்கள். அந்தச் சுருளை அதன் இடத்திலிருந்து பெயர்த்தது என் வாய். அந்தப் படம் இந்த ஊரில் முதல் சுருளிலிருந்து ஓடுகிற நாள்வரை நான் எந்த மேடையிலும் ஏறமாட்டேன். அது ஓடப்போகிற செய்தி வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் ஒருவரிடமும் ஒரு சொல்கூடச் சொல்லமாட்டேன்.”